மாதோட்டத்து மண்டோதரி: ஐதீகமும் காப்பியமும்

மன்னார்த் தீவுக்கு எதிர்ப்புறத்தே, பாலாவிக் கரையில் அமைந்த திருக்கேதீச்சரத்தை மண்டோதரியின் தந்தையாகிய மயன் எழுப்பினான் என்பது அப்பகுதியில் நெடுங்காலமாக வழங்கும் ஐதீகமாகும். அங்கு மயன் மாதோட்டத்து மன்னன். அவன் மகளோ கணவனின் பிழையை மௌனமாகப் பொறுத்த பத்தினி. இது வரலாறன்று எனத் தள்ளிவிடுதல் எளிது. காப்பியப் பாத்திரங்களிலிருந்து ஒரு சமுதாயம் எதனை எடுத்துக்கொண்டது, எதனை மறந்தது என்பதே நாம் இங்கு நோக்க விரும்புவது.

காப்பிய மயன் அரசனல்லன், அசுரரின் சிற்பி. வான்மீகியின் உத்தரகாண்டத்தில், அவன் மகளை இராவணனுக்குக் கொடுக்கும்போது சத்தி என்னும் படைக்கலத்தையும் சேர்த்தே கொடுக்கிறான். பின்னர் இலக்குவனை வீழ்த்துவது அதுவே. மகளும் ஆயுதமும் ஒரே வேளையிற் கைமாறும் இம்மணம் ஓர் அரசியல் உடன்பாடு என்பதில் ஐயமில்லை. இனி, மாதோட்டத்தின் பழந்துறையாகிய மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வுகள், சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் வந்திறங்கிய பெருந்துறை அதுவென்பதை உறுதிசெய்தன. வணிகமும் கைவினையும் உடலுழைப்புமே அத்துறையின் உயிர். அவ்வூரின் ஐதீகம் ஒரு கைவினைஞனைப் போற்ற முற்பட்டபோதும் அவனுக்கு முடிசூட்டியே போற்றியது. நிலமானியக் கருத்துநிலையின் வலிமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

மண்டோதரிக்கு நேர்ந்தது இன்னும் ஆழமானது. (அவளை முதலில் ஆள்மாறி உணர்ந்தவன் அனுமன், உறங்கியவளைச் சீதையோ என மயங்கினான். அவனாவது விரைவிலே தெளிந்தான்.) வான்மீகியில் அவள் மௌனியல்லள். இராமனோடு சமாதானம் செய்யுமாறு தான் கூறியதைப் பிணத்தின் முன்னே நினைவூட்டுகிறாள். குலத்திலோ அழகிலோ சீதை தனக்கு மேற்பட்டவளல்லள் என்கிறாள். முன்பு புலன்களை அடக்கியவனை அப்புலன்களே பழிதீர்த்தன என்று காரணமும் காண்கிறாள். புலம்பலின் வடிவில் அமைந்த அரசியற் கண்டனம் இது.

சீதைக்கு அவள் காவலாக நின்றாள் என்னும் பொதுநம்பிக்கையும் ஆராயத்தக்கது. அசோகவனத்தில் இராவணனைத் தழுவி அப்பால் அழைத்துச் செல்பவள், வான்மீகியின்படி, தானியமாலினி என்னும் வேறொரு மனைவி. செவிவழிக் கதை அச்செயலை மண்டோதரிக்கு மாற்றிவிடுகிறது. பிற மனைவியர் மறைந்தாலன்றிப் பத்தினிப் படிமம் முழுமை பெறாதல்லவா? கம்பனிலோ, இந்திரசித்தன் உடல்மேல் விழுந்து அழும் அவள் சீதையை நஞ்சாகவே காண்கிறாள். நாளை கணவனுக்கும் இக்கதியே எனக் கலங்குகிறாள். அதைக் கேட்டே இராவணன் சீதையைக் கொல்ல வாளெடுத்து விரைகிறான், தடுப்பவன் மகோதரன்.

இப்படிமத்தில் கம்பனுக்கும் பங்குண்டு. வான்மீகியில் உயிரோடிருப்பவளை அவன் கணவனின் உடலைத் தழுவி இறக்கச் செய்தான். சோழப் பேரரசுக் கால அறவியல் அங்கே துலக்கமாகின்றது. ஆயினும், சானகிமீது கொண்ட காதல் எங்கேனும் ஒளிந்துள்ளதோவென அம்பு உடலெங்கும் தேடியதோ என்ற கொடிய வினாவை அவள் வாயில் வைத்தவனும் அவனே. பொதுநினைவு அவள் சாவைப் பேணியது, வினாவைக் கைவிட்டது.

மன்னார்க் கரையின் வாய்மொழிக் கதைகளில் அக்குரலின் எச்சம் ஏதேனும் உண்டா என்பதை ஏட்டறிவு மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது. போர் அம்மக்களைப் பலமுறை இடம்பெயர்த்துள்ளது. எஞ்சியுள்ள முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், அக்கதைகளைக் கேட்டுப் பதிவுசெய்தல் உடனடியாகத் தொடங்கப்பட வேண்டிய பணியாகும்.