மயக்க ஊசி: ஒரு சொல்லின் குறை

'நாய்களுக்கு மயக்க ஊசி போட்டுக் கருத்தடை செய்யப்பட்டது' என்ற செய்தியை நீங்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பவானியில் கால்நடை மருந்தகத்திற்குத் தம் நாயைக் கொண்டு செல்பவரும் இச்சொல்லையே கூறுகிறார். எளிய சொல்தான். ஆயினும் அறிவியல் நோக்கில் குறையுடையது. மூன்று வேறு செயல்களை அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

அம்மூன்றும் எவை? விலங்கை அமைதிப்படுத்துவது ஒன்று. உணர்வை நீக்கி உறங்கவைப்பது மற்றொன்று. வலியைத் தணிப்பது மூன்றாவது. ஒன்றைச் செய்யும் மருந்து மற்றதையும் செய்யும் என்பதில்லை. அசிப்ரோமசின் நாயைச் சாந்தப்படுத்தும், வலியைப் போக்காது. சைலசின் அமைதியையும் ஓரளவு வலித்தணிப்பையும் தரும். ஆனால் அத்தணிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. கீட்டமின் தோல், தசை வலியை நன்கு அடக்கும். பெண் நாயின் சூலகத்தை இழுக்கும்போது வயிற்றினுள் எழும் வலிக்கு அது மட்டும் போதாது. எனவேதான் மருத்துவர்கள் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். அறுவைக்குப் பின் தொடரும் வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கி தனியே வேண்டும்.

'நாய் அசையவில்லையே, வலி எப்படி இருக்கும்?' என நீங்கள் கேட்கலாம். இதற்கு வரலாறு விடை தருகிறது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய நஞ்சு குராரே. அது தசைகளை இயக்கும் நரம்புகளின் செயலை முடக்குகிறது, உணர்ச்சி நரம்புகளை விட்டுவிடுகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 19ஆம் நூற்றாண்டில் காட்டினார். குராரே ஏற்றப்பட்ட விலங்கு அசையாது. ஆனால் வலியை உணரும்! இதனால் 1876இல் இங்கிலாந்து இயற்றிய விலங்குவதைச் சட்டம், குராரேயை உணர்வகற்றியாகக் கருதக் கூடாது என வெளிப்படையாகவே விதித்தது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், விலங்குகளில் அறுவைச் சோதனை செய்வோர் வலியைத் தடுக்கப் போதிய ஆற்றலுள்ள உணர்வகற்றியை இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்கிறது. அசைவின்மையைச் சட்டம் அளவுகோலாகக் கொள்ளவில்லை; வலியின்மையையே கொண்டது. நம் வழக்குச் சொல்லோ இன்னும் அசைவின்மையிலேயே நிற்கிறது.

மருத்துவருக்கு வேறுபாடு தெரியுமே, சொல்லில் என்ன இருக்கிறது என்பர் சிலர். மருத்துவருக்குத் தெரியும், செலவை ஏற்கும் நகராட்சிக்கும் நாயை வளர்ப்பவருக்கும் தெரிய வேண்டாமா? கொங்கு நாட்டில் ஆட்டுப்பட்டிகளில் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதால், கருத்தடையை விரைவுபடுத்துமாறு விவசாயிகள் கேட்கின்றனர். கோரிக்கை நியாயமானதே. ஆனால் எத்தனை நாய்களுக்கு அறுவை நடந்தது என்ற கணக்கை மட்டும் கேட்டால் போதாது. மறுநாள் வலிக்கு என்ன கொடுத்தார்கள் என்ற வினா, 'மயக்க ஊசி' என்ற சொல்லோடு முடிந்து போகிறது.

வலியை அளக்கவும் வழி உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட சுருக்க அளவுகோல் நாயின் முனகல், காயத்தைக் கவனித்தல், நடை, தொட்டால் காட்டும் எதிர்வினை, மனநிலை, உடல்நிலை ஆகிய ஆறையும் பார்த்து 24 வரை மதிப்பெண் இடுகிறது. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநீக்கி தருவது பற்றி மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இதற்கு வேண்டுவது தாளும் பொறுமையும்தான்.

ஓர் எச்சரிக்கை. வலிநீக்கி என்றதும் வீட்டிலுள்ள மாத்திரையை எடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு உதவும் இபுபுரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அமைதியூட்டி, உணர்வகற்றி, வலிநீக்கி என மூன்று சொற்கள் தமிழில் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் நாயை அழைத்துச் செல்லும்போது இம்மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். நாயால் கேட்க இயலாது.