ஓரியின் நாணமும் பாலடினின் சபதமும்

போன ஆடியில், வல்வில் ஓரி விழாவுக்கு என்று கொல்லிமலை போயிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரில் இருவருக்குத் தலைசுற்றல். செம்மேட்டில் அறையெடுத்து, மழை விடாததால் வெளியே போக முடியாமல், கொண்டுபோயிருந்த பகடைகளை எடுத்துக் கட்டிலில் கொட்டினோம். ஓரி சிலைக்குக் கூப்பிடு தூரத்தில், அவன் பெயரில் நடக்கும் வில்வித்தைப் போட்டிக்கு முந்தின இரவில், நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

தெரியாதவர்களுக்கு: 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரம் மந்திரவாதியா திருடனா போர்வீரனா என்பதை 'கிளாஸ்' என்பார்கள். நாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று கதை சொன்னது நான். நண்பனின் தம்பி எடுத்திருந்தது பாலடின், அதாவது சபதம் பூண்ட புனித வீரன்.

இந்தக் கட்டுரை அந்த வகுப்புக்கான வக்காலத்து. ஆனால் முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் நடுவே தம்பிக்கு ஒரு பொறி வைத்தேன். கட்டிப்போட்ட கைதி ஒருவன். அவனைக் கொன்றால் ஊர் பிழைக்கும், விட்டால் ஊர் எரியும். தம்பி வெகுநேரம் யோசித்து, "கட்டிப்போட்டவனைக் கொல்ல மாட்டேன்ணே" என்றான். ஊர் எரிந்தது. "அப்பாவிகளைக் காப்பாத்தல. உன் சபதம் போச்சு, சக்தி எல்லாம் போச்சு" என்றேன். அவன் பகடையை மெதுவாகக் கீழே வைத்தான். "கொன்னிருந்தாலும் இதையேதானேண்ணே சொல்லியிருப்பீங்க?"

ஆமாம். சொல்லியிருப்பேன்.

*

பாலடின் என்ற சொல் சார்லமேன் மன்னனின் அரண்மனை வீரர்களிடமிருந்து வருகிறது. விளையாட்டுக்கு அது வந்து சேர்ந்தது பால் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவல் வழியாக. 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூலில் முதன்முதலாக விதியாக அச்சேறியது. 1978-ஆம் ஆண்டு விதிநூலில் அதன் முழு உருவத்தைப் பார்க்கலாம். பாலடின் கையால் தொட்டுக் காயம் ஆற்றுவான். நோய் அவனை அண்டாது. நான்காம் நிலைக்கு வந்தால் தனக்கென்று ஒரு போர்க்குதிரையைத் தேடி அடையலாம். பதிலுக்கு, பத்து மாயப் பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒன்று தர்மத்துக்கு. தேவைக்கு மிஞ்சியதையும் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தே தீமை செய்தால் எல்லாச் சக்தியும் ஒரேயடியாகப் போய்விடும், திரும்ப வராது.

இதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் புகார் ஒன்றுதான். பாலடின் இருக்கும் மேசையில் சந்தோஷம் இருக்காது. திருடன் பாத்திரம் சத்திரக்காரன் பையில் கைவிட்டால் உபதேசம், கைதியிடம் மிரட்டிக் கேட்டால் உபதேசம். எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் ஒரு மாமா இருப்பாரே, பந்தியில் இலையைப் பார்த்து "மிச்சம் வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே போவார், அவர்தான் பாலடின்.

புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாலடினைப் பற்றியது அல்ல, பாலடினைத் தப்பாக ஆடுவதைப் பற்றியது என்பது என் கட்சி. சரியாக ஆடினால் எப்படி இருக்கும்? அதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் இந்த மலையில்தான் இருந்தது.

*

புறநானூற்றின் 152-ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்த கதையை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டு அங்கே நிற்பதில்லை. பாணர் கூட்டம் காட்டில் அந்த வேடனைப் பார்க்கிறது, அவன் யார் என்று தெரியாது. இசைத்துப் பாடி 'கோ' என்று அழைக்கிறார்கள். அது தன் பெயர் என்பதால் அவன் நாணுகிறான். உன்னைப் போல வேடன் எங்கும் இல்லை என்று அவர்கள் மேலே பேசப்போக, பேசவிடாமல் தான் எய்த மானின் கறியும் கள்ளும் கொடுத்து, மலையின் பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே அள்ளித் தருகிறான்.

அம்பு அவனுடைய சக்தி. நாணம்தான் அவனுடைய வகுப்பு. தான் நல்லவன் என்பதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லப்பட்டபோது கூசினான். பாலடினை ஆடுபவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், பந்தி மாமா காணாமல் போய்விடுவார். சபதம் தன் கையைக் கட்டத்தான், அடுத்தவன் கையைக் கட்ட அல்ல.

மந்திரவாதியை அவனால் என்ன முடியும் என்பதை வைத்து அறிகிறோம். பாலடினை அவன் எதைச் செய்ய மாட்டான் என்பதை வைத்து அறிகிறோம். மற்ற வகுப்புகளுக்கு நெருக்கடி பகடையிலிருந்து வருகிறது, இவனுக்கு உள்ளிருந்து வருகிறது. இருபது விழுந்தாலும் தீராத சிக்கல் அது. கதைக்கு வேறென்ன வேண்டும்?

*

சரி, சபதம் தவறினால் யார் கேட்பது? பழைய விதிநூலின் பதில்: தெய்வம். மேசையில் தெய்வத்துக்குப் பேசுவது கதை சொல்பவர். அதாவது நான். என் கையில் பொறியும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. தம்பி கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்.

சங்கப் பாட்டில் வேறொரு ஏற்பாடு தெரிகிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து கிடந்தான். ஏழு வள்ளல்களில் ஒருவன், சொந்த வீட்டில் அருளில்லாதவன். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடினார்கள். நீ தரும் நகையும் செல்வமும் வேண்டாம், அவளிடம் போ, அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்பது அந்தப் பாட்டுகளின் சாரம். யாரும் அவனுடைய வள்ளல் பட்டத்தைப் பறிக்கவில்லை. அந்தப் பட்டத்தை வைத்தே அவனைக் கேட்டார்கள். கொடுக்கிறவன்தானே நீ, இதைக் கொடு. அவன் திரும்பினானா என்று பாட்டுகள் சொல்வதில்லை.

இதை மேசைக்குக் கொண்டுவரலாம். பாலடின் வழுவினால் கேட்க வேண்டியது கூட ஆடுபவர்கள். அவனிடம் காயம் ஆற்றிக்கொண்டவர்கள், அவன் கேடயத்துக்குப் பின்னால் நின்றவர்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. மேலிருந்து விழும் தண்டனையில் கதை முடிந்துவிடுகிறது, பக்கத்திலிருந்து வரும் வேண்டுகோளில் தொடங்குகிறது.

*

பழைய விதியின் இன்னொரு பிழையும் கொல்லியில்தான் உடைகிறது. 1978-இல் பாலடின் ஒரே வகை நன்மைக்குக் கட்டுப்பட்டவன். எல்லாப் பாலடின்களும் ஒரே பக்கம். ஆனால் ஓரியைக் கொன்றவன் யார்? மலையமான் திருமுடிக்காரி. அவனும் ஏழு வள்ளல்களில் ஒருவன், குடிக்காமலேயே தேர் கொடுப்பவன் என்று கபிலர் புகழ்ந்தவன். காரி என்ற குதிரையில் காரியும் ஓரி என்ற குதிரையில் ஓரியும் பொருதியதைச் சிறுபாணாற்றுப்படை நினைவுகூர்கிறது. காரி வென்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியைக் கொன்றுவிட்டு அவன் ஊர்த் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் உவமையாக வைப்பவரும் அதே கபிலர்தான். தன் புரவலன் செய்ததை அவர் மறைக்கவில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. பக்தி, தொன்மை, பழிவாங்கல் என்று சபதங்கள் பலவாயின. இரண்டு பாலடின்கள் நேர்மையாகவே எதிரெதிரே நிற்கலாம். நல்ல திருத்தம். ஆனால் கூடவே சபதம் இளகிவிட்டது. பத்துப் பொருள் கணக்கும் தர்மக் கணக்கும் போயே போச்சு. இப்போது பலர் பாலடினை எடுப்பது 'ஸ்மைட்' என்ற அந்த ஒரே பெரிய அடிக்காக. அம்பை வைத்துக்கொண்டு நாணத்தை விட்டுவிட்டோம். சபதங்கள் பலவாக இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை விலையாகக் கேட்க வேண்டும் என்பேன். ஒன்றும் இழக்காதவன் வெறும் பலசாலி.

*

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கிடையே நடந்தபோது தம்பியிடம், "நேத்து நான் பண்ணது தப்புடா" என்றேன். "பரவால்லண்ணே" என்றான். பரவாயில்லை என்பது போல இல்லை குரல்.

சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தோம். சக்தியைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். சக்தி இல்லாமலேயே எரிந்த ஊருக்குப் போய் வீடு கட்டிக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். எங்களில் திருடனாக ஆடுபவன் எப்போதும் அவனைக் கிண்டல் செய்கிறவன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பங்குத் தங்கத்தையும் எடுத்துக்கோ, ஓடு வாங்கலாம்" என்றான்.

அன்று இரவு முழுக்க யாரும் பகடையைத் தொடவில்லை.