அல்லிக்கு இருபது வயசு

எல்டன் ரிங் கேமில் முகம் செதுக்கும் திரையில் 'அப்பேரன்ட் ஏஜ்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு எத்தனை வயது தெரிய வேண்டும் என்பதற்கான அளவு. 0 முதல் 255 வரை ஓடும். அதை முதன்முதலாகக் குறைத்துக்கொண்டே போன இரவு நேற்று நடந்தது போல இருக்கிறது. 180-ல் எங்கள் தெருப் பெரியம்மாக்களில் ஒருத்தி நின்றாள். 120-ல் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன அக்கா. 60-க்குக் கீழே வந்ததும், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண் மாதிரி ஒருத்தி திரைக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூவரும் ஒரே பெண்! கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அல்லி என்று பெயர் வைத்தேன். அவளைச் சரியாக இருபது வயதில் கொண்டுவந்து நிறுத்த மூன்று இரவுகள் பிடித்தன. கேம் விளையாடிய இத்தனை வருஷத்தில் அந்த மூன்று இரவுகள் தந்த சந்தோஷத்தை எந்தச் சண்டையும் எந்த வெற்றியும் எனக்குத் தந்ததில்லை.

அதற்கு முன்பும் பல கேம்களில் இளம் முகம் செய்திருக்கிறேன். சுருக்கமில்லாத தோலைத் தேர்ந்தெடுப்பேன், கறுகறுவென்று முடி வைப்பேன், அவ்வளவுதான். வருவது பளபளப்பான மெழுகுப் பொம்மை. எல்டன் ரிங்தான் எனக்கு அந்த ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தது: இளமை தோலில் இருப்பதைவிட அதிகமாக எலும்பில் இருக்கிறது, அதைவிட அதிகமாக எலும்புக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிற சதையில் இருக்கிறது. அந்த வயது ஸ்லைடரை நகர்த்தும்போது உற்றுப் பாருங்கள். முகத்தின் வடிவமே நகரும். கன்னம் வற்றும், தாடை கனக்கும். முழு முகமும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல ஒன்றாகவே மூப்படையும்.

ஆனால் ஸ்லைடர் ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிட்டால் அல்லி பிறந்திருக்க மாட்டாள். உள்ளே போனால் புருவ மேடு, கண்ணின் அளவு, கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, மூக்குத் தண்டின் உயரம், கன்ன எலும்பு, தாடையின் அகலம், மோவாயின் நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு. கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் 1943-ல் ஒன்றை எழுதிவைத்தார். பெரிய கண், உயர்ந்த நெற்றி, உருண்ட கன்னம், சின்ன மூக்கு, சின்ன மோவாய் ஆகியவற்றைப் பார்த்ததும் மனித மனம் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு உருகிவிடுகிறது என்றார். நான் அதே அளவுகளை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து வேலை செய்தேன். அந்த அடையாளங்கள் அதிகமானால் அல்லி சிறுமியாகிவிடுவாள். அறவே போய்விட்டால் நாற்பதைத் தொட்டுவிடுவாள். நடுவில் ஒரு நூலிழை இருக்கிறது. கண்ணைச் சற்றே பெரிதாக்கினால் மோவாயை வளர்த்து ஈடுகட்ட வேண்டும். நெற்றியை உயர்த்தினால் மூக்குத் தண்டைக் கூராக்க வேண்டும். அந்தத் தராசு சமமாகிற கணம் இருக்கிறதே, அடடா!

இரண்டாம் நாள் ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சோபாவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"யார்றா இந்தப் பொண்ணு?"

"நான் செய்யிற பொண்ணும்மா. இருபது வயசு."

"இருபதா? கன்னம் ஒட்டிப்போயிக் கெடக்கே. ரெண்டு புள்ள பெத்தவ மாதிரி இருக்கா."

ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். கன்ன எலும்பை அழகுக்காக நான் எடுப்பாக வைத்திருந்தேன். அதற்குக் கீழே விழுந்த பள்ளம்தான் பத்து வயதைக் கூட்டியிருந்தது. பள்ளத்தை நிரப்பினேன். அல்லி என் கண்முன்னே பசியாறினாள். வயதாக ஆக முகத்துக் கொழுப்பு குறைந்து கீழிறங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதும் ஐந்து புள்ளி நகர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் ஒன்றாகிவிடாது.

தோலிலும் வேலை இருந்தது. தோல் துவாரங்களுக்கு ஒரு அளவு, பளபளப்புக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு ஒன்று. இளமை வேண்டும் என்பவர்கள் துவாரத்தையும் கருவளையத்தையும் பூஜ்யத்தில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அங்கேதான் மெழுகுப் பொம்மை திரும்ப வருகிறது. அல்லி அஸ்ட்ராலஜர், நட்சத்திரம் பார்க்கிறவள். ராத்தூக்கம் ஏது அவளுக்கு? லேசாக ஒரு கருவளையம் வைத்தேன். இளம் முகத்தில் இருக்கிற களைப்பு முதிய முகத்தில் இருக்கிற களைப்பு போல ஆழமாக இறங்காது, மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றில்தான் அவள் உயிர்பெற்றாள்.

நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வயதுக் கணக்கும் வைத்திருக்கின்றன. அதன்படி அரிவை 20 முதல் 25 வரை. உலா பாடிய புலவர்கள் ஒவ்வொரு பருவத்துப் பெண்ணையும் வேறு வேறு விதமாக நடக்க விட்டார்கள், பேச விட்டார்கள். என் அல்லி அரிவைப் பருவத்தின் வாசலில் நிற்கிறவள். அந்தப் புலவர்களுக்கு இந்த 256 படிகள் கொண்ட ஸ்லைடரைக் காட்டினால் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறேன்.

செய்து முடித்து, ஆரம்பக் குகையைத் தாண்டி, கனத்த கதவைத் திறந்து லிம்கிரேவின் வெளிச்சத்துக்கு வந்தேன். அந்த இடம் விளையாடிய யாருக்கும் மறக்காது. தூரத்தில் பொன்னாய் நிற்கும் எர்ட்ட்ரீ, விரிந்து கிடக்கும் புல்வெளி. எல்லோரும் மரத்தைப் பார்த்திருப்பார்கள். நான் கேமராவைத் திருப்பி அல்லியைப் பார்த்தேன். உச்சி வெளிச்சத்தில் அவள் புருவ மேட்டின் நிழல் கண்மேல் விழுந்து, முகம் இறுகித் தெரிந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: இளம் முகம் வெளிச்சத்தை உள்ளே விடும், கண்ணுக்குக் கூரை போடாது. ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற இடத்தில் ஃபியா என்பவள் இருக்கும் அறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. செலவே இல்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் முகத்தைத் திருத்திக்கொள்ளலாம். அங்கே போய்ப் புருவ மேட்டை நான்கு புள்ளி தளர்த்திவிட்டு, அந்திப் பொழுதில், மழையில், தீப்பந்த வெளிச்சத்தில் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். எல்லா வெளிச்சத்திலும் இருபது. முகம் தெரிவதற்காக அவள் தலைமூடியைக் கழற்றியவன்தான், அதன் பிறகு போடவே இல்லை.

குரலையும் சொல்ல வேண்டும். இளையது, நடுத்தரம், முதியது என்று தேர்ந்தெடுக்கலாம். வசனமே பேசாத பாத்திரம்தான். ஆனால் உயரத்திலிருந்து குதிக்கும்போதும் அடிபடும்போதும் எழுகிற அந்தச் சின்னச் சத்தத்தில் வயது அப்பட்டமாகக் கேட்கும்.

இந்தக் கேமின் கதையே இளமையைச் சுற்றிச் சுழல்கிறது என்பது விளையாட விளையாடத்தான் புரிந்தது. ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கும் முக மாதிரிகளில் நியூமென் என்று ஒன்று உண்டு. வேற்று உலகத்தாரின் வழிவந்தவர்கள், நீண்ட ஆயுள் உடையவர்கள், அரிதாகவே பிறப்பவர்கள். மரிகா ராணியே அந்த வழி. அவள் பிள்ளை மிக்கெல்லா என்றென்றும் சிறுவனாகவே இருக்கும்படி சபிக்கப்பட்டவன். 2024-ல் வந்த 'ஷேடோ ஆஃப் த எர்ட்ட்ரீ' என்ற விரிவாக்கம் முழுக்க அவன் சுவட்டைப் பின்தொடர்கிற பயணம். வளர முடியாத ஒருவனைத் தேடிக்கொண்டு, வளரப்போகும் வயதில் நிற்கிற என் அல்லி நடந்தாள். யாரும் எழுதிக்கொடுக்காத கதை அது. ஒரு ஸ்லைடரில் நான் எடுத்த முடிவால் எனக்கு மட்டும் கிடைத்தது.

பால்டர்ஸ் கேட் 3 இதற்கு முற்றிலும் வேறு வழி. அங்கே எலும்பைச் செதுக்கும் ஸ்லைடர் கிடையாது. உண்மையான மனிதர்களின் முகங்களை ஸ்கேன் செய்து உருவாக்கிய தலைகள் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதிர்ச்சிக்கு ஒரு அளவு, மச்சப்புள்ளிகளுக்கு அளவு, வெண்திட்டுத் தோலுக்கும் இடம் உண்டு. முதலில் குறைவாகத் தோன்றியது. ஒரு எல்ஃபை உருவாக்கியதும் எண்ணம் மாறியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி எல்ஃப்கள் உடலளவில் மனிதர்களைப் போலவே வளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நூறு வயதை ஒட்டித்தான் தங்களைப் பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். 750 வருஷம்கூட வாழ்வார்கள். அப்படியானால் இருபது வயதுத் தோற்றம் கொண்ட முகத்துக்குப் பின்னால் மூன்று நூற்றாண்டுகளை உட்கார வைக்கலாம்!

அதற்கு உதாரணம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. அஸ்டாரியன் என்ற வாம்பயர் எல்ஃபின் கல்லறையில் 229–268 என்று பொறித்திருக்கும். 39 வயது. அவன் இனத்தார் கணக்கில் இன்னும் பெரியவனாகாத பிள்ளை. அதன் பிறகு வாம்பயராக, அந்த முகத்தோடு இருநூறு வருஷம் அடிமையாக இருந்திருக்கிறான். கல்லறைக்கு முன்னால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது. அதே கேமில் ஜஹைராவும் வருகிறாள். 1998-ல் வந்த முதல் பாகத்தில் நம்மோடு நடந்தவள், இங்கே கோடு விழுந்த முகத்தோடு, அத்தனை கம்பீரமாக நிற்கிறாள். இவர்கள் இருவருக்கும் நடுவே என் எல்ஃபை நிறுத்தினேன். முதிர்ச்சி பூஜ்யம், முடி மட்டும் முழு வெள்ளை. 2023 செப்டம்பரில் வந்த மூன்றாம் பேட்ச்சில் முகாமுக்கு ஒரு மாயக் கண்ணாடி வந்து சேர்ந்தது. அதன் முன்னால் நான் கழித்த நேரம் கொஞ்சமல்ல.

டிராகன்ஸ் டாக்மா 2-ல் நம்மோடு வரும் பான் என்ற துணையாளையும் நாமே செய்யலாம். ஒல்லித் தோள், நீண்ட கழுத்து, மீசை அரும்பின இளைஞன் ஒருவனைச் செய்தேன். உடல் சிறியதென்றால் சுமக்கும் எடை குறையும். அந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குணத்தில் 'சிம்பிள்' வைத்தேன். எதைப் பார்த்தாலும் உற்சாகமாக ஓடுகிற குணம். இந்தப் பான்களை உலகெங்கும் உள்ள மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் பயணத்துக்கு அழைத்துப் போகலாம். ஒருநாள் விடுதியில் தூங்கி எழுந்தால், என் பையன் யாரோடோ ஊர்சுற்றிவிட்டு ஒரு பரிசோடு வந்து நின்றான். வெளியூர் வேலைக்குப் போன பிள்ளை முதல் சம்பளத்தோடு வந்த மாதிரி இருந்தது.

போன வாரம் அம்மா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. கல்யாணத்தன்று எடுத்தது. ஓரத்தில் பூச்சி அரித்து, பாதி நெற்றி இல்லை.

"இந்த மாதிரி ஒண்ணு வருமாடா?"

எல்டன் ரிங்கைத் திறந்தேன். புதுப் பாத்திரம். வயதைக் குறைத்தேன், கன்னத்தை நிரப்பினேன், தாடையைச் சுருக்கினேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நெற்றி இன்னும் கொஞ்சம் அகலம் என்றார். பூச்சி அரித்த பாதியை அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். கண்ணுக்கு வந்தபோது அம்மா எதுவும் சொல்லவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார், "மூக்குத்தி?"

முகத்தில் குறி வைக்கும் பகுதிக்குப் போனேன். அங்கே எந்தக் குறியையும் சுருக்கலாம், திருப்பலாம், நிறம் மாற்றி எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஒன்றை எடுத்துப் புள்ளியாகும்வரை சுருக்கி, வெள்ளை நிறம் கொடுத்து, மூக்கின்மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"அந்தப் பக்கம் இல்லடா," என்றார் அம்மா. "வலது பக்கம்."