தவளைகளும் சந்தாதாரர்களும்

ஒரு நாடக அரங்கு வரும் ஆண்டில் எந்தெந்த நாடகங்களை மேடையேற்றப்போகிறது என்று வெளியிடும் பட்டியலை நாம் விளம்பரமாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அதை ஒரு விமர்சனக் கட்டுரையாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. எதைத் தேர்ந்தார்கள், எதை எதன் பக்கத்தில் வைத்தார்கள், எதை வைக்காமல் விட்டார்கள் என்பதைவிட அப்பட்டமான அபிப்பிராயம் வேறு இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்குகளின் ‘சீசன்’ பட்டியல்களைச் சில ஆண்டுகளாக இந்தக் கண்ணோடு பார்த்து வருகிறேன். மேடையேற்றங்களை நான் பார்த்ததில்லை. பட்டியல்களையும், பிரதிகளையும், அவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் படித்தவன் என்ற அளவில்தான் என் பேச்சு.

சீசன் என்றால் நமக்கு மார்கழிக் கச்சேரி, இல்லாவிட்டால் குற்றாலம். அங்கே அது ஓர் ஒப்பந்தம். ஒரு ஷேக்ஸ்பியர், ஒரு மில்லர் அல்லது டென்னஸி வில்லியம்ஸ், எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு மியூஸிக்கல், வகுப்பில் பாடமாக இருப்பதால் ஒரு செகாவ், கடைசியாக, சின்ன அரங்கில், பனி கொட்டும் மாதத்தில், உயிரோடிருக்கும் ஒருவர் எழுதிய புதிய நாடகம். அநேகப் பட்டியல்களின் சாமுத்ரிகா லட்சணம் இதுதான். இவ்வளவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறவர் சந்தாதாரர். நான் வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன். எனக்கு இது வேறு மாதிரியும் தெரிகிறது. நாடகம் நடந்து முடியும்வரை சந்தாப் பணம் கணக்குப் புத்தகத்தில் வருமானமல்ல, பொறுப்பு. அரங்கு பார்வையாளனிடம் வாங்கிய வட்டியில்லாக் கடன் அது. கடன் கொடுத்தவன் எதைப் பார்க்க விரும்புவான் என்ற கவலை பட்டியல் போடுகிறவனின் கைக்குள் புகுந்துவிடுகிறது. நம் சபாக்கள் வருஷச் சந்தா அங்கத்தினர்களை நம்பி நாடகம் போட ஆரம்பித்த பிறகு நாடகம் என்னவாயிற்று என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பல்கலைக்கழகம் சபா அல்ல. தோற்றுப்போக அனுமதி உள்ள இடம் என்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே நியாயம். இந்த நியாயத்தை முதலில் நடைமுறையில் காட்டியவர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர். ஹார்வர்டில் ‘இங்கிலீஷ் 47’ என்ற எண்ணுள்ள வகுப்பில் நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுதியதை மேடையில் போட்டுப் பார்க்காமல் கற்க முடியாது என்று கண்டு 1912-இல் ‘47 வொர்க்‌ஷாப்’ என்ற பட்டறையைத் தொடங்கினார். யூஜீன் ஓ’நீல் 1914-15-இல் அவருடைய மாணவர். இந்தப் பட்டறையில் என்னை ஈர்த்த விஷயம் ஓ’நீல்கூட அல்ல. அங்கே நாடகம் பார்க்க வந்தவர்கள் பார்த்தது பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதுதான் நுழைவுக் கட்டணம் மாதிரி. பார்வையாளன் அங்கே பணம் போட்டவன் அல்ல, சாட்சி சொல்ல வந்தவன். நாடகத்துக்குப் பட்டம் கொடுக்கும் முதல் பள்ளி 1914-இல் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிவிட்டது. ஹார்வர்டோ பேக்கருக்குச் சரியான அரங்குகூடக் கட்டித் தரவில்லை. ஹார்க்னெஸ் என்ற செல்வந்தர் பத்து லட்சம் டாலர் கொடுக்க, பேக்கர் 1925-இல் யேலுக்குப் போனார். அரங்கு வந்தது, பள்ளி வந்தது. அந்த எழுத்துச் சீட்டு எங்கோ வழியில் தொலைந்துபோயிற்று என்று நினைக்கிறேன். இன்று படிக்கக் கிடைக்கும் பட்டியல்களில் அதன் சாயல்கூட இல்லை.

யேலில் 1966-இல் ராபர்ட் ப்ரூஸ்டைன் பள்ளியின் தலைமைக்கு வந்து ரெபர்ட்டரி அரங்கை நிறுவினார். அவர் விமர்சகர். பட்டியலை அபிப்பிராயமாகப் போடத் தெரிந்தவர். முதல் சில ஆண்டுகளிலேயே கவிஞர் ராபர்ட் லோவல் எழுதிய ‘ப்ரொமீதியஸ் பவுண்ட்’ 1967-இல் வந்தது. அதே ஆண்டு இறுதியில் ஜோசப் ஹெல்லரின் ‘வீ பாம்ப்ட் இன் நியூ ஹேவன்’. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கவிஞனையும் ஒரு நாவலாசிரியனையும் நாடகத்துக்குள் இழுத்துவந்தது சாதாரணக் காரியமல்ல. 1968-இல் லிவிங் தியேட்டரை ஐரோப்பாவிலிருந்து திரும்பியதும் வரவழைத்தார். ‘பாரடைஸ் நௌ’ முடிந்து, அரைகுறை ஆடையோடு தெருவுக்கு வந்தவர்களை நியூ ஹேவன் போலீஸ் கைது செய்தது. பிற்பாடு ப்ரூஸ்டைனே அந்தக் குழுவைக் கடுமையாக விமர்சித்தார். அழைத்ததும் அவர்தான், கண்டித்ததும் அவர்தான். இதை முரண்பாடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதலில்லை. போட்டுப் பார்த்த பிறகு கண்டிப்பதற்கும், போடாமலேயே கண்டிப்பதற்கும் உள்ள தூரம் அது.

அந்தக் காலத்துப் பட்டியல்களில் நான் திரும்பத் திரும்பப் போவது 1974-க்கு. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கட்டடத்தின் நீச்சல் குளத்தில் அரிஸ்டோஃபேனிஸின் ‘தவளைகள்’. பிரதியை மாற்றி எழுதி இயக்கியவர் பர்ட் ஷெவ்லவ். இதே குளத்தில் 1941-இலேயே ஒருமுறை செய்து பார்த்தவர். பாட்டுகள் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். பின்னால் உலகப் பிரசித்தி பெற்ற மெரில் ஸ்ட்ரீப்பும் சிகோர்னி வீவரும் அதில் பெயர் தெரியாத மாணவிகளாகக் கும்பலில் நின்றார்கள். குளத்தின் எதிரொலியில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்பது சோண்ட்ஹைமின் தீராத புகார். ஆக இது ஒரு வெற்றிக் கதை அல்ல.

ஆனாலும் பிரதியை யோசித்துப் பாருங்கள். கி.மு. 405. நல்ல நாடகாசிரியர்கள் செத்துப்போய்விட்டார்கள். நாடகத்தின் தெய்வமான டயோனிசஸ், ஒருவரை மீட்டுவர எமலோகம் போகிறார். யூரிபிடிஸை அழைத்துவர வேண்டும் என்பது திட்டம். அங்கே ஈஸ்கிலஸுக்கும் யூரிபிடிஸுக்கும் வாதம் நடக்கிறது; வரிகளைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். கடைசியில் டயோனிசஸ் ஈஸ்கிலஸோடு திரும்புகிறார். ஷெவ்லவ் இதையே ஷாவுக்கும் ஷேக்ஸ்பியருக்குமான போட்டியாக மாற்றினார். ஷாவைத் தேடிப்போனவர் ஷேக்ஸ்பியரோடு வருகிறார். சீசன் பட்டியல் போடும் காரியத்தைப் பற்றி எழுதப்பட்ட நாடகமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரை மேலே கொண்டுவருவது, எதற்காக, ஊருக்கு இப்போது யார் வேண்டும் என்ற கேள்விகள். இதில் முக்கியமான இடம், போனவர் கேட்டுவிட்டு மனம் மாறுகிறார் என்பது. யாரை அழைக்கப் போனார்களோ அவரையே அழைத்துவரும் கமிட்டிகள் எமலோகம்வரை போக வேண்டிய அவசியமில்லை. ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இங்கே மியூஸிக்கல் பற்றி ஒரு வார்த்தை. நம் வட்டத்தில் பாட்டு என்றாலே ஒரு முகச்சுளிப்பு உண்டு. கம்பெனி நாடகத்தையும் சினிமாவையும் பார்த்து வந்த சுளிப்பு. அதே சுளிப்போடு அமெரிக்க மியூஸிக்கலையும் ஒதுக்கிவிடுவது சௌகரியமான அறியாமை. பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாற வேண்டும், ஏன் மாற வேண்டும் என்ற கேள்வி நாடகத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. அதைத் தாளத்துக்குள் நின்று தீர்க்க வேண்டும் என்பதால் அங்கே பொய் சொல்வது கடினம். சோண்ட்ஹைம் இதைக் கற்றது, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பயிற்சியாகக் கொடுத்த நான்கு மியூஸிக்கல்களை எழுதிப் பார்த்து. 1948-இல் வில்லியம்ஸ் கல்லூரியில் மாணவனாக ஒன்றை எழுதி மேடையேற்றி. பல்கலைக்கழகம் மியூஸிக்கல் போடுகிறது என்பது என் குற்றச்சாட்டே அல்ல. யாருக்காகப் போடுகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஹார்வர்டுக்குத் திரும்ப வேண்டும். யேல் 1979-இல் ப்ரூஸ்டைனை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அவர் ஹார்வர்டின் லோப் அரங்குக்குப் போய் அமெரிக்கன் ரெபர்ட்டரி தியேட்டரைத் தொடங்கினார். அங்கே 1984-இல் ஜோஆன் அகலைடிஸ், பெக்கெட்டின் ‘எண்ட்கே’மைக் கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதை ஒன்றில் வைத்தார், ஃபிலிப் கிளாஸின் இசை வேறு. வெற்று அறை என்று எழுதியிருக்க, எரிந்துபோன ரயில் பெட்டி. பெக்கெட் கோபமானார். வழக்குவரை போகும் நிலை வந்து, கடைசியில் நிகழ்ச்சிக் கையேட்டில் அவருடைய கண்டனத்தையும் பிரதியின் முதல் பக்க மேடைக் குறிப்பையும் அச்சிட, பதிலை ப்ரூஸ்டைன் எழுத, நாடகம் நடந்தது. நான் பெக்கெட் பக்கம்தான். வெற்று அறையை ரயில் பாதையாக்குவது ஒரு பொருளைக் கூட்டி எல்லாப் பொருளையும் குறைப்பது. ஆனால் அந்தக் கையேட்டை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆசிரியனின் எதிர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாடகம் பார்ப்பது! பேக்கரின் எழுத்துச் சீட்டு தலைகீழாகத் திரும்பி வந்ததுபோல. இன்று ஒரு கல்லூரி மியூஸிக்கல் உரிமை வாங்கினால், அனுமதியின்றி ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பெக்கெட் தார்மீகமாகக் கேட்டதை உரிமைக் கம்பெனிகள் வியாபார விதியாக்கிவிட்டன. அதனால் சண்டையும் இல்லை, கையேடும் இல்லை.

அதே அரங்கு டயேன் பாலஸின் தலைமையில் 2011-இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ஸைத் திருத்தி மேடையேற்றியது. திருத்தும் திட்டத்தைக் கண்டித்து நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதியவர், குளத்தில் எதிரொலியைப் பொறுத்துக்கொண்ட அதே சோண்ட்ஹைம். நாடகம் 2012-இல் பிராட்வே போயிற்று. 2012 டிசம்பரில் ‘பிப்பின்’. அடுத்த ஆண்டு பிராட்வே. 2015-இல் ‘வெய்ட்ரஸ்’, அடுத்த ஆண்டு பிராட்வே. இதில் ‘பிப்பின்’ கதை வேடிக்கையானது. 1967-இல் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் கார்னெகியில் மாணவராக இருந்தபோது நண்பர்களோடு போட்ட நாடகம் அதன் மூலம். 1972-இல் பாப் ஃபாஸியின் கையில் பிராட்வேக்கு வந்தபோது மாணவ நாடகத்தின் ஒரு வரியோ ஸ்வரமோ மிஞ்சவில்லை என்று ஷ்வார்ட்ஸே சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷம் கழித்து அது பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வருகிறது. மாணவனின் தவறாக அல்ல, முதலீட்டாளரின் சொத்தாக. தயாரிப்பாளர்கள் லாபநோக்கில்லாத அரங்குக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அங்கே ஒத்திகை பார்த்துக்கொள்வது அமெரிக்காவில் ஏற்கப்பட்ட வழக்கம். அதற்கு ஒரு நாகரிகமான பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பாஷையில் அது கூட்டுக் கடன்.

‘அப்படியானால் யேலில் லாயிட் ரிச்சர்ட்ஸ் செய்தது என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ப்ரூஸ்டைனுக்குப் பின் 1979-இல் வந்தவர் அவர். 1982-இல் அதால் ஃபியூகார்டின் ‘மாஸ்டர் ஹெரால்ட் அண்ட் த பாய்ஸ்’ தென்னாப்பிரிக்காவில் மேடையேறும் முன் நியூ ஹேவனில் மேடையேறியது. 1984-இல் ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ தொடங்கி 1990 வரை ஆகஸ்ட் வில்சனின் ஐந்து நாடகங்களுக்கு முதல் மேடை யேல்தான். அவையும் பிராட்வே போயின. போகும் வழியில் ஊர் ஊராக வேறு அரங்குகளில் நிறுத்தி, வில்சன் திருத்தி எழுதிக்கொண்டே போனார். ‘ஃபென்ஸஸ்’ 1985-இல் யேலில். பிராட்வேக்கு 1987-இல்தான் போகிறது. ‘தி பியானோ லெஸன்’ 1987-லிருந்து 1990வரை மூன்று வருஷம். இந்த ஏற்பாட்டையே ப்ரூஸ்டைன் சாடினார். லாபநோக்கில்லாத அரங்குகள் பிராட்வேயின் வாசற்படியாகிவிட்டன என்றார். வில்சனோடு அவருக்கு வேறு சண்டைகளும் இருந்தன. 1997 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் ப்ரூஸ்டைனின் கண் பழுது என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒரே பாதைபோல் தெரிகின்றன, ஒன்றல்ல. வில்சன் அந்த அரங்குகளிடம் வாங்கியது காலம். தன் பிரதி எங்கே தொய்கிறது என்பதை முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் மௌனத்திலிருந்து தெரிந்துகொள்ள இரண்டு மூன்று வருஷம். பத்துப் பதினைந்து வருஷம் கவிதை எழுதிப் பார்த்த, பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கறுப்பின மனிதருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உருப்படியான பட்டம் அதுதான். ‘பிப்பி’னுக்கு அந்தக் காலம் தேவைப்படவில்லை. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கொட்டகையும், சந்தா கட்டி நிரம்பிய நாற்காலிகளும். அதை நன்றாகச் செய்திருப்பார்கள். சிறந்த மறுமேடையேற்றம் என்று டோனி விருதும் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு ஆதாரமில்லை, அவசியமும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டின் அந்த அரங்கோடு இணைந்து நடிகர்களுக்குப் பயிற்சி தந்த கழகம் ஒன்று இருந்தது. 2017-இல் அமெரிக்கக் கல்வித் துறை, படித்து வெளியேறியவர்களின் கடன் சுமையை அவர்கள் வருமானத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தபோது அது தேறவில்லை; புதிய மாணவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மாடியில் பிராட்வேக்குப் போகும் நாடகங்கள், கீழே கடனை அடைக்க முடியாத நடிகர்கள். கல்விக் கடன் படிவங்களைத் தினமும் புரட்டுகிறவனுக்கு இந்தச் செய்தி வெறும் செய்தியாக இருக்க முடியவில்லை.

யேலின் நிலை இப்போது வேறு. 2021-இல் டேவிட் கெஃபன் என்ற சினிமாத் தயாரிப்பாளர் 15 கோடி டாலர் கொடுத்தார். பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் அடியோடு போயிற்று. பெயர் போனால் போகட்டும். கட்டணம் வாங்காத பள்ளிக்குக் கடன்காரர்கள் குறைவு. யூரிபிடிஸைத் தேடிப்போய் வேறொருவரோடு திரும்பி வரும் சுதந்திரம் இன்று யாருக்காவது இருக்கிறதென்றால் இவர்களுக்குத்தான். பிப்ரவரியில் சின்ன அரங்கில் ஒதுக்கும் அந்தப் புதிய நாடகத்தை அக்டோபரில் பெரிய அரங்கில் வைக்கலாம். ஒரு மாணவ மியூஸிக்கலை, பிராட்வேயிலிருந்து எவரையும் வரச்சொல்லாமல், மூன்று வருஷம் திருத்தித் திருத்திப் போடலாம். பார்க்க வருகிறவரிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, எழுதிவிட்டுப் போகச் சொல்லலாம். அதற்குப் பதினைந்து கோடி தேவையில்லை. அடுத்த பட்டியல் வரும்போது, முதல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, புதியவரின் பெயர் எந்த மாதத்தில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.