வாய்க்கு வந்த மொழி

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. நடிகர்கள் லெனர்ட் நிமாயும் கர்ஸ்டி ஆலியும் ஆங்கிலத்தில் பேசிய சிறு உரையாடல் படச்சுருளில் ஏறிவிட்டது. அதை வல்கன் என்ற வேற்றுக்கிரக மொழியில் கேட்டால் நன்றாக இருக்குமே என்று படக்குழுவுக்கு அதன்பிறகுதான் தோன்றியது. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாம் படம் அது, ஆண்டு 1982. உதடுகள் ஆங்கிலத்துக்கு அசைந்துவிட்டன. அந்த அசைவுக்குப் பொருந்தும்படி இல்லாத மொழியின் சொற்களைக் கோத்துத் தரும் வேலை மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளரிடம் வந்தது. நம் ஊர் டப்பிங் எழுத்தாளர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

1984-இல் மூன்றாம் படத்துக்கு அவரிடம் முழு மொழியே கேட்டார்கள். கதையில் வரும் வேற்றுக்கிரகப் போர்வீரர்களின் மொழியான கிளிங்கான் பிறந்தது அப்படித்தான். 1979-இல் வந்த முதல் படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் உருவாக்கிய சில அசைகளே அதுவரை இருந்தன. ஓக்ராண்ட் அவற்றைத் தள்ளிவிடாமல் அவற்றின் மேலேயே கட்டினார். முரட்டுப் போர்வீரர்களின் மொழிதானே, தொண்டையைக் கரகரத்தால் போதும் என்று வேறொருவர் நினைத்திருப்பார். இவர் கலிஃபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுனின் இலக்கணத்தை எழுதி 1977-இல் முனைவர் பட்டம் பெற்றவர். பேசுவதற்கு ஆளில்லாமல் போயிருந்த மொழி அது. முன்பு பிறர் எடுத்துவைத்த குறிப்புகளிலிருந்துதான் அவர் அதைப் படித்தார். மனித மொழிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்கு எதைக் குலைத்தால் அது அந்நியமாக ஒலிக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

‘வண்டி’யில் வரும் ட-வை எடுத்துக்கொள்வோம். நாவை வளைத்து அண்ணத்தில் ஒற்றுகிறோம். அந்த ஒலி கிளிங்கானில் உண்டு. ‘பட்டு’ என்னும்போது வரும் அதன் இணை ஒலி கிடையாது. அந்த இடத்தில் நாவை முன்தள்ளி எழுப்பும் வேறொரு ஒலி நிற்கிறது. உலக மொழிகளில் ஒலிகள் பெரும்பாலும் இனம் சேர்ந்து வரிசையாக நிற்கும். ஓக்ராண்ட் வேண்டுமென்றே அந்த வரிசையைக் கலைத்தார். ஒவ்வோர் ஒலியும் மனித வாய்க்கு உரியதுதான், அவை கூடி நிற்கும் விதம்தான் அந்நியம். உறுமலால் கிடைக்காத நுட்பம் இது.

வாக்கியத்திலும் இதே துணிச்சல். ‘புக்’ என்றால் குழந்தை, ‘லெக்’ பார்த்தல், ‘யஷ்’ அதிகாரி. ‘புக் லெக் யஷ்’ என்றால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார். ‘யஷ் லெக் புக்’ என்று திருப்பினால் பார்ப்பது குழந்தை. செயப்படுபொருள் முதலில், எழுவாய் கடைசியில். ‘குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி’ என்று நாமும் சொல்வோம். ஐ உருபு இருப்பதால் சொற்கள் எங்கே உட்கார்ந்தாலும் பொருள் மாறாது. கிளிங்கானில் அந்த உருபு இல்லை, இடமே வேற்றுமை. இந்த வரிசையை இயல்பாகக் கொண்ட மொழிகள் உலகில் மிக அரிது.

இவ்வளவும் மேசையில் அமர்ந்து செய்யக்கூடியவை. என்னை ஈர்ப்பது இதற்கு அடுத்த கட்டம். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் தடுமாறுவார். சொன்னது கேட்க நன்றாக இருந்தால் ஓக்ராண்ட் அதையே சரியென்று ஏற்றுக்கொண்டு மொழியைத் திருத்துவார். படத்தொகுப்பில் துணைத்தலைப்பு மாறும். ஏற்கெனவே பேசிய ஒலிகளுக்குப் புதுப்பொருள் கண்டுபிடிப்பார். 1985-இல் அவர் வெளியிட்ட அகராதியில் போர்க்களத்தில் வீரர்கள் முன்னொட்டுகளை விழுங்கிப் பேசும் வழக்குக்கும் இடம் உண்டு. பேச்சில் தேய்வதையும் இலக்கணத்துக்குள் சேர்ப்பது நல்ல இலக்கணக்காரருக்கே வரும்.

உச்சம் 1991-இல் வந்த ஆறாம் படம். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தன்னுரையின் முதல் அடியைக் கிளிங்கானில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது ‘இருத்தல்’ வினையால் ஆனது. கிளிங்கானிலோ அந்த வினையே இல்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று வினையில்லாமல் முடித்துவிடும் நமக்கு இது விந்தையில்லை. ஓக்ராண்ட் முதலில் ‘வாழ்’ என்ற வினையை வைத்துப் பார்த்தார். ஜெனரல் சாங்காக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அது பிடிக்கவில்லை. சொல்லும்போது அதில் வலு போதவில்லை. பிறகு ஓக்ராண்ட் செய்ததை நான் மேதைமை என்பேன். ‘பேசிக்கொண்டிரு’ என்பதில் நம் ‘கொண்டிரு’ செய்யும் வேலையைச் செய்ய, கிளிங்கானில் ‘தஹ்’ என்றோர் ஒட்டு இருந்தது. அதைப் பிய்த்தெடுத்துத் தனி வினையாக நிறுத்தினார். நிலைத்திருப்பதா, வேண்டாமா என்று வாக்கியம் இறுகி நின்றது. அடிபணியாத இனத்துக்கு ‘வாழ்’ என்பதைவிட அதுவே பொருத்தம்.

எழுத்தாளர் டோல்கீன் ஓக்ராண்டுக்கு நேரெதிர். தம் கற்பனை மொழிகளான குவென்யாவையும் சிண்டாரினையும் ஒரே மூலத்திலிருந்து ஒலிமாற்றங்கள் வழியே தனிமையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். அழகில் அவர் மொழிகளுக்கு நிகரில்லை. ஆனாலும் பிறர் வாயில் அடிபட்டுத் தேறிய மொழியென்றால் என் ஓட்டு கிளிங்கானுக்கே.

நம்மிடமும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2015-இல் ‘பாகுபலி’ படத்தில் வரும் காலகேயர் கூட்டத்துக்காகப் பாடலாசிரியர் மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பிய ‘நிம்’ என்றால் நீ. அழகான யோசனை. அதைத் தனியொரு படத்தோடு நிறுத்திவிடக் கூடாது. வேற்றுலகக் கதை எடுக்கும் இயக்குநர்கள் மொழி வகுப்பவரைத் திரைக்கதை எழுதும்போதே அழைக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.