அருகலையும் எரியாத விளக்கும்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்துக் காண்பது இலக்கண மரபு. தேர்வு முடிந்ததும் பலர் மறந்துவிடும் பாடம் இது. பினாங்கில் ஒரு வீட்டின் விளக்கு எரியாமற் போவதற்கும் இப்பாகுபாட்டிற்கும் தொடர்பு உண்டென்றால் நகைப்பர். ஆயினும் உண்டு.

கைப்பேசியின் ஆணைக்கு எரியும் விளக்கும், வாயிலிற் காவல் நிற்கும் படக்கருவியும் இன்று எளியோர் இல்லங்களிலும் புகுந்துள்ளன. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பணியாற்ற, தனித்து வாழும் முதியோருக்கு இவ்விவேகக் கருவிகள் துணையாகவும் அமைகின்றன. அவை இணைப்பிழந்து நின்றால் செய்ய வேண்டுவன யாவை எனத் தமிழிற் குறிப்புகளும் எழுதப்படுகின்றன. எழுதுவோர் முயற்சி போற்றற்குரியதே. ஆனால் அக்குறிப்புகளின் தமிழ் பலவிடத்துப் பழுதை நீக்காமல் மற்றொரு பழுதைச் சேர்த்துவிடுகிறது.

வை-ஃபை என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். கம்பியில்லா முறையையும் நம்பகத்தையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது என்று விளக்குவோர் பலர். உண்மை அஃதன்று. 'ஐ.இ.இ.இ. 802.11பி' என்ற வாயில் நுழையாத் தரப்பெயருக்கு மாற்றாக, 1999இல் ஒரு தொழிற் கூட்டமைப்பு இன்டர்பிராண்ட் என்னும் பெயர்சூட்டு நிறுவனத்தைக் கொண்டு படைத்துக்கொண்ட பெயரே அது. 'ஹை-ஃபை' என்ற இசைக்கருவிச் சொல்லின் எதிரொலி அதில் உண்டு, பொருள் இல்லை. விரிவு பின்னர் விளம்பரத்திற்காக ஒட்டப்பட்டது. ஆகவே அது இடுகுறி. இடுகுறிக்குக் காரணம் கற்பித்து மொழிபெயர்ப்பது வீண் வேலை.

'அருகலை' என்னும் தமிழ்ச்சொல்லோ காரணப்பெயர். அதனைச் செயற்கை என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சொல்லைக் கேட்டவுடன் இரண்டு வினாக்கள் எழுகின்றன: எத்துணை அருகு? எந்த அலை? பழுதுநீக்கும் கலையிற் பாதி இவ்விரு வினாக்களுள் அடங்கிவிடும்.

2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளை நோக்குக. முகப்புக் குறுகியது, உள்ளே செல்லச் செல்ல நீண்டது. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடிப்பாக எழுந்தவை. இணையக் கம்பி முன்கூடத்தில் நுழைவதால், திசைவியும் (பலர் வாயில் அது மோடம்தான்) பெரும்பாலும் அங்கேயே அமர்ந்துவிடுகிறது. விளக்கோ பின்கட்டு அடுக்களையில். சுவர்தோறும் அலை மெலிகிறது.

எந்த அலை என்பது இன்னும் நுட்பமானது. இன்றைய திசைவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளிற் பேசும். முன்னது வேகங் குறைந்தது. ஆயினும் சுவர் கடந்து செல்லும். பின்னது விரைவுடையது, சுவருக்கு அஞ்சும். விலை மலிந்த விளக்குகளும் செருகிகளும் பெரும்பாலும் 2.4ஐ மட்டுமே அறியும். கைப்பேசி இரண்டையும் அறியும். விளக்கைப் புதிதாகச் சேர்க்கும்போது கைப்பேசி 5இல் நின்றால், சில விளக்குகள் அவ்வழைப்பை உணரா. கடவுச்சொல் சரியாக இருந்தும் 'சேரவில்லை' என்றே வரும்; வீட்டார் அதனையே பத்துமுறை தட்டிச் சலிப்பர். திசைவியின் அமைப்பில் இரண்டு வரிசைகளுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, கைப்பேசியை 2.4க்கு மாற்றிச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதனைச் சொல்லாது 'அருகலையைச் சரிபார்க்கவும்' என்று எழுதுவது, நோயாளியிடம் நோயைச் சரிபார்க்கச் சொல்லும் மருத்துவம். 1972 முதல் பாயான் லெப்பாசில் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தி வரும் தீவில் இதைச் சொல்லத் தமிழ் கிடைக்கவில்லை என்பது வியப்பே.

'இணைப்பு இல்லை' என்னும் தொடரும் குறையுடையது. எந்த இணைப்பு? விளக்கிலிருந்து திசைவிக்கு ஒன்று; திசைவியிலிருந்து இணையத்திற்கு ஒன்று; அங்கிருந்து விளக்கைச் செய்த நிறுவனத்தின் கணினிக்கு மற்றொன்று. கைப்பேசியின் சிம் தரவை நிறுத்திவிட்டு, அருகலையில் ஏதேனுமொரு நாளிதழைத் திறந்து பார்க்கலாம். திறந்தால் இரண்டாவது இணைப்பு நலமே. பின்னும் ஒரு விளக்கு மட்டும் முரண்டினால் குறை பெரும்பாலும் முதலாவதில். ஒரே நிறுவனத்தின் கருவிகள் அனைத்தும் ஒருங்கே வாய்மூடினால் மூன்றாவதை ஐயுறலாம். 'வீட்டிணைப்பு', 'வெளியிணைப்பு', 'நிறுவன இணைப்பு' எனப் பிரித்தெழுதினால் முதியவரும் இச்சோதனையைச் செய்துவிடுவார்.

எல்லாவற்றினும் தீங்கானது 'மீட்டமை' என்ற சொல். மீட்டல் என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். இணைப்பை இழந்தவர் அச்சொல்லைக் கண்டால், இழந்ததை அது மீட்டுத் தரும் என்றே கொள்வார். ஊசியால் துளையை அழுத்துவார். நிகழ்வது நேர்மாறு. விளக்கு வீட்டு அருகலையின் பெயரை மறக்கும், கடவுச்சொல்லையும் மறக்கும். திசைவியில் அதே துளையை அழுத்தினால், இணைய நிறுவனம் பதித்துத் தந்த விவரங்களும் அழியக்கூடும்; பின்னர்த் தொழில்நுட்பர் வரும்வரை வீடு முழுதும் இருளே. அணைத்து, சற்றுப் பொறுத்து ஏற்றும் 'மறுதொடக்கம்' வேறு. அதனால் எதுவும் அழியாது. இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வேறுபாடு கூறப்படாமல் நிற்பதைக் காணும்போது, எழுதியவர் ஒருமுறையேனும் அத்துளையை அழுத்திப் பார்த்தாரா என்ற ஐயம் எழுகிறது. இங்கே குறை தூய தமிழின்மேல் இல்லை; பொருளை நோக்காது சொல்லை மட்டும் பெயர்த்ததில் இருக்கிறது. 'முழுதழிப்பு' என்று எழுதி, அழுத்துமுன் திசைவியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்ல, ஒரு வரி போதும்.