புதுப்பிக்கும் வரை வேலையில்லை

எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்தில் நகையை அடகு வைத்துப் பொறியியல் படிக்க வைத்த பெண், அமெரிக்க மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு எச்-4 விசாவில் போனால் அந்தப் படிப்பு என்னவாகும்? 2015 மே 26க்கு முன்பு என்றால் வீட்டோடு முடங்கியிருக்கும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் அங்கே வேலை பார்க்க அப்போது அனுமதி இல்லை. ஒபாமா ஆட்சியில் வந்த விதி அதை மாற்றியது. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், மனைவி ஈஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வாங்கலாம்.

விதியின் பலம் பெரிது. அட்டை இருந்தால் எந்த நிறுவனத்திலும் சேரலாம், சொந்தத் தொழிலும் தொடங்கலாம். எச்-1பி ஊழியருக்கே இவ்வளவு தாராளம் இல்லை. கிரீன் கார்டில் நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பால் இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால், அட்டை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். இந்த விதியை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

கோளாறு புதுப்பித்தலில் இருக்கிறது. காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கூடுதல் கட்டணம் கட்டி விரைவுபடுத்தவும் வழியில்லை. முடிவு வரும்வரை பழைய அட்டையே 540 நாள் வரை செல்லும் என்ற சலுகை இருந்தது. அதுவும் நாட்டில் தங்க அனுமதித்த ஐ-94 ஆவணத்தின் தேதியைத் தாண்டாது என்பதால் எச்-4 பெண்களுக்கு அரைகுறைப் பாதுகாப்புதான். 2025 அக்டோபர் 30 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. குடியேற்ற அலுவலகம் தாமதித்தால், தன் மேல் தவறே இல்லாத பெண் வேலையை நிறுத்த வேண்டும். மீறிப் போனால் சட்டமீறல். சம்பளம் நிற்கும்; நிறுவனம் எத்தனை நாள் இடத்தைக் காலியாக வைத்திருக்கும்?

பின்னணியைச் சரிபார்க்காமல் வேலையைத் தொடரவிடக் கூடாது என்பது சலுகையை நிறுத்தியதற்கு அமெரிக்க அரசின் வாதம். சரிபார்ப்பு தேவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் இவர்கள் விசாவுக்கும் முதல் அட்டைக்கும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்கள். இவர்கள் வேலையில் இருக்கும்போதே மறுபடி சரிபார்க்கலாம். குறை தெரிந்தால் அனுமதியை ரத்து செய்யும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது.

மாற்று வழி அமெரிக்கச் சட்ட நடைமுறையிலேயே உண்டு. நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வரும் எல்-1 ஊழியரின் துணைக்கு, 2021 நவம்பர் சமரசத்துக்குப் பின், விசா நிலையே வேலை அனுமதி. தனி அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐ-140 ஏற்கப்பட்ட எச்-4 துணைகளுக்கும் அதே முறையைத் தருவதே நியாயம். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைத் தொடர்வதை ஓர் அலுவலகத்தின் வேகத்திடம் ஒப்படைப்பது பாதி உரிமைதான்.